சாலைக்கு மேலே ரயில் நிலையம்: படிக்கட்டு தரையைத் தொடும் இடத்தில் என்ன செய்வது?

வரைபலகை
எல்லோருக்கும் வணக்கம். ஒரு மேம்பால ரயில் நிலையத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கடைகளும் அலுவலகங்களும் நெருங்கி நிற்கும் நகர மையச் சாலை, அகலம் 30 மீட்டர். நடுவில் ஒற்றைத் தூண் வரிசை. அதன் மேல் ஆறு பெட்டி ரயிலுக்கான 140 மீட்டர் நீள நிலையம். லாரிகள் போக 5.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதால், கான்கோர்ஸ் தளம் (டிக்கெட் கேட் இருக்கும் இடைத்தளம்) சாலையிலிருந்து 7 மீட்டரில் வருகிறது. பிளாட்ஃபாரம் அதற்கு மேலே 6 மீட்டர். இரு பக்கமும் 4 மீட்டர் நடைபாதை.

கேள்விகள் மூன்று. பக்கவாட்டு பிளாட்ஃபாரமா (தடங்களின் இரு வெளிப்பக்கமும் ஒவ்வொன்று), நடு பிளாட்ஃபாரமா (இரு தடத்துக்கும் நடுவே ஒன்று)? ஒவ்வொரு பிளாட்ஃபாரத்துக்கும் இரண்டு எஸ்கலேட்டர், 2.4 மீட்டர் அகலத்தில் இரண்டு படிக்கட்டு போட்டிருக்கிறேன், போதுமா? தெருவுக்கு இறங்கும் படிக்கட்டை நடைபாதையிலேயே இறக்கலாமா?

கூட்டக்கணக்கு
மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மேம்பால நிலையத்தின் கழுத்து பிளாட்ஃபாரத்தில் இல்லை, படிக்கட்டு தரையைத் தொடும் இடத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காலை நெரிசலில் ஒரு ரயிலிலிருந்து 600 பேர் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் படி அகலமுள்ள எஸ்கலேட்டரில் நிமிடத்துக்கு 100 பேர். அட்டவணைகளில் இதைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். ஆனால் யாரும் ஒவ்வொரு படியிலும் இருவராக ஒட்டி நிற்பதில்லை, 100-க்கு மேல் நம்பாதீர்கள். இருவழியும் நடக்கும் படிக்கட்டில் மீட்டருக்கு நிமிடத்தில் 28 பேர், ஆக 2.4 மீட்டருக்கு 67. ஒரு எஸ்கலேட்டரும் ஒரு படிக்கட்டும் சேர்ந்த தொகுப்புக்கு 167. இரண்டு தொகுப்புக்கு 334. 600 பேர் 1.8 நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள்.

தாளில் சரிதான். ஆனால் கூட்டம் பாதிப் பாதியாகப் பிரிவதே இல்லை. பெரிய சந்திப்பு எந்த முனையில் இருக்கிறதோ அங்கேதான் சாயும். 65 சதவீதம் ஒரு முனைக்குப் போனால் அங்கே 390 பேர், 2.3 நிமிடம். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் சமாளிக்கலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் முந்தைய ரயிலின் கூட்டம் வடியும் முன்பே அடுத்தது வந்து கொட்டும். அந்த முனையின் எஸ்கலேட்டர் நின்றுபோன நாளில் 390 பேருக்கும் படிக்கட்டு மட்டும்தான்: 5.8 நிமிடம்.

இப்போது தரைக்கு வாருங்கள். நடைபாதை 4 மீட்டர். சுவரோரம் அரை மீட்டர், சாலையோரம் அரை மீட்டர் யாரும் நடப்பதில்லை. மிச்சம் 3 மீட்டர். இருவழி நடையில் மீட்டருக்கு 40 பேர் என்றால் நிமிடத்துக்கு 120. மேலேயிருந்து 167 பேர் வந்து விழுகிறார்கள். அவர்கள் இடமும் வலமுமாகச் சமமாகப் பிரிந்தாலும் பக்கத்துக்கு 84. ஏற்கெனவே அந்தத் தெருவில் நடப்பவர்களுக்கு மிஞ்சுவது நிமிடத்துக்கு 36 பேருக்கான இடம். நகர மையத்தில் அது எந்த மூலைக்கு?

தூண்வரிசை
கட்டமைப்புப் பக்கம் நான் சொல்கிறேன். ஒற்றைத் தூண் வரிசை என்றால் பக்கவாட்டு பிளாட்ஃபாரம்தான் இயல்பு. இரண்டு தண்டவாளமும் சுமார் 4 மீட்டர் இடைவெளியில் நேராக நடுவில் போகும், பாதையை வளைக்க வேண்டியதில்லை. பிளாட்ஃபாரங்கள் இரு புறமும் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

நடு பிளாட்ஃபாரம் வேண்டுமென்றால் தண்டவாளங்கள் பிரிந்து 12, 13 மீட்டர் அகல வேண்டும். நிலையத்துக்கு முன்னும் பின்னும் நூறு மீட்டருக்கு மேல் எஸ் வளைவு வரும். அந்த நீளம் முழுக்கப் பாலம் விரிந்துகொண்டே போகும். ஒற்றைத் தூண் பல இடங்களில் இரட்டைத் தூணாகவோ, சாலையைத் தாண்டி நிற்கும் வாசல் வடிவச் சட்டமாகவோ மாறும். கட்டடங்கள் ஒட்டி நிற்கும் தெருவில் அந்தச் சட்டத்தின் காலை நடைபாதையில்தான் ஊன்ற வேண்டியிருக்கும்.

சிறகுக்கும் விலை உண்டு. பக்கத்துக்கு 8 மீட்டருக்கு மேல் நீளும் கை, முனையில் கூட்டம் நிற்கும்போது தாழும். காலையில் ஒரு பிளாட்ஃபாரம் நிரம்பி மற்றது காலியாக இருந்தால் தூணில் ஒருபக்க வளைவு வரும். இரு பக்கமும் சமமாக நிரப்பி மட்டும் கணக்குப் போடுவது பலர் செய்யும் தவறு. ஒருபக்கம் நிறைந்த நிலையைத் தனிச் சுமைக் கணக்காகச் சோதிக்க வேண்டும்.

நுழைவுக் கட்டடம் தனி அடித்தளத்தில் நிற்கும், நிலையம் ஆழமான பைல் (மண்ணுக்குள் இறக்கிய தூண்) மேல் நிற்கும். இரண்டும் ஒரே அளவு அமிழாது, வெயிலில் ஒரே அளவு நீளாது. கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். 140 மீட்டர் தளம் 30 டிகிரி வேறுபாட்டில் மொத்தம் 50 மி.மீ. நகரப் பார்க்கும். ஆகவே இணைப்புப் பாலம் ஒரு முனையில் பூட்டியும் மறுமுனையில் நழுவும் பேரிங்கிலும் (அசைய இடம் தரும் தாங்கி) உட்கார வேண்டும். எஸ்கலேட்டரின் இரும்புச் சட்டத்துக்கும் இதே விதி. இரு முனையும் கெட்டியாகப் பிடித்துவிட்டால் சட்டம் முறுகும், படிகள் ஓரத் தகட்டில் உரசும். பிறகு மாதாமாதம் "பழுது" என்று பலகை தொங்கும், எஸ்கலேட்டர் மேல் பழி போகும்.

இருபுறவழி
தூண்வரிசை சார், தண்டவாள வளைவு பற்றிச் சொன்னது சரி. ஆனால் நடு பிளாட்ஃபாரத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள். நகர மையத்தில் காலையில் இறங்கும் கூட்டம், மாலையில் ஏறும் கூட்டம். நடு பிளாட்ஃபாரத்தில் எல்லா எஸ்கலேட்டரும் இரு திசைக்கும் பொது. பக்கவாட்டில் ஒரு பக்கம் திணறும்போது மறுபக்கத்தின் எஸ்கலேட்டர் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். லிஃப்டும் ஒரு தொகுதி போதும்.

திசை மாறி ஏறுபவருக்கும் அதுவே வசதி. பாங்காக்கின் சியாம் நிலையத்தில் இரண்டு தளங்களிலும் நடு பிளாட்ஃபாரம். ஒரு தடத்திலிருந்து இறங்கி எதிரே நிற்கும் மற்றத் தடத்து ரயிலில் ஏறிவிடலாம், படியேற வேண்டியதில்லை. மாற்று நிலையம் என்றால் நான் நடு பிளாட்ஃபாரத்துக்காக வாதாடுவேன்.

தூண்வரிசை
மாற்று நிலையம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வரைபலகையின் நிலையம் ஒரே தடம், ஒற்றைத் தூண். அங்கே பக்கவாட்டுதான்.

கூட்டக்கணக்கு
அவசர வெளியேற்றத்தையும் பார்த்துவிடுவோம், இரண்டாம் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ரயில் நிலையத் தீப்பாதுகாப்புக்கான அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 130 விதிப்படி பிளாட்ஃபாரம் 4 நிமிடத்தில் காலியாக வேண்டும், 6 நிமிடத்தில் எல்லோரும் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு எஸ்கலேட்டர் வேலை செய்யவில்லை என்றே எண்ண வேண்டும். அதுவும் எது இல்லாவிட்டால் அதிகம் பாதிக்குமோ அது.

நிறைந்த ரயிலில் 1,500 பேர், காத்திருப்பவர் 300 பேர் என்றால் 1,800. நிமிடத்துக்கு 450 பேர் வெளியேற வேண்டும். அவசரக் கணக்கில் படிக்கட்டு மீட்டருக்கு 55.5. இரண்டு படிக்கட்டும் சேர்ந்து 266. மிஞ்சிய ஒரு எஸ்கலேட்டரை நின்ற நிலையில் 55 என்று வையுங்கள். மொத்தம் 321. போதாது. பிளாட்ஃபாரத்தின் இரு கடைசியிலும் 1.2 மீட்டர் அகலத்தில் அவசரப் படிக்கட்டு சேர்த்தால் 133 கூடும், 454 ஆகும். மயிரிழையில் தேறுகிறது. நடந்து படிக்கட்டை அடையும் நேரம் இதில் இல்லை, அதை முழுக் கணக்கில் தனியே சேர்க்க வேண்டும். நானாக இருந்தால் கடைசிப் படிக்கட்டை 1.5 மீட்டராக வைப்பேன்.

ஏணிப்படி
நின்ற எஸ்கலேட்டர் படிக்கட்டு ஆகாது, இதை வடிவமைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். நல்ல படிக்கட்டில் ஏற்றம் (ஒரு படியின் உயரம்) 150 மி.மீ., மிதி (கால் வைக்கும் அகலம்) 300. எஸ்கலேட்டர் படியின் ஏற்றம் சுமார் 200. மேலும் கீழும் தட்டையாகும் இடத்தில் ஏற்றம் படிக்குப் படி குறையும். கால் அடுத்த படியை 200-ல் எதிர்பார்க்கும், அது 120-ல் இருக்கும். அங்கேதான் தடுக்கும். நின்ற எஸ்கலேட்டரை அவசர வழியாகக் கணக்கில் சேர்த்தால் படி ஏற்றம் 210 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது என்று எஸ்கலேட்டருக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 115 சொல்வதும் இதனால்தான்.

இடத்துக்கு வருவோம். 7 மீட்டர் ஏற, 30 டிகிரி சாய்வில் எஸ்கலேட்டருக்குச் சாய்வு நீளம் தரையில் 12.1 மீட்டர். இரு முனையின் தட்டைப் பகுதியும் இயந்திரக் குழியும் சேர்ந்து சுமார் 5 மீட்டர். ஆக 17. படிக்கட்டுக்கு 47 ஏற்றம், நான்கு தொடராகப் பிரித்தால் 43 மிதி, 12.9 மீட்டர். நடுவே மூன்று தங்குமேடை 1.5 மீட்டர் வீதம் 4.5. மொத்தம் 17.4. இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம் என்பது வசதி, பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் அகலம்? எஸ்கலேட்டர் வெளி அளவு 1.6, படிக்கட்டு 2.4, சுவரும் கைப்பிடியும் சேர்த்தால் 4.5 மீட்டர். உங்கள் நடைபாதையே 4 மீட்டர்தான். ஆகவே நடைபாதையில் இறக்க வழியே இல்லை. கட்டட வரிசைக்குள் ஒரு மனை எடுத்து, அதற்குள் இறக்குங்கள்.

இறக்கும்போது வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம். சாலையை நோக்கி நேராக இறக்கினால், வேகமாக இறங்கும் கூட்டம் நடைபாதையின் குறுக்கே பாயும். தெருவுக்கு இணையாக இறக்கி, வாயிலுக்கு முன் 8 முதல் 10 மீட்டர் வெற்றிடம் விடுங்கள். எஸ்கலேட்டர் முடிவுக்கு முன்னால் குறைந்தபட்சம் 2.5 மீட்டர் விட வேண்டும் என்பது விதி. நகர மையத்துக்கு அந்த அளவு பத்தாது. மேலேயிருந்து வருபவர் நிற்க முடியாது, பின்னால் படி தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த வெற்றிடத்தில் கடை, விளம்பரப் பலகை, டிக்கெட் இயந்திரம் எதுவும் வரக் கூடாது. வரைபடத்திலேயே கோடு போட்டு "காலியாக இருக்க வேண்டிய இடம்" என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஓராண்டில் ஏதாவது ஒரு பெட்டி முளைத்துவிடும்.

கான்கோர்ஸிலும் இதே கதை. டிக்கெட் கேட் ஒன்றில் நிமிடத்துக்கு 25 பேர் என்று வையுங்கள். எஸ்கலேட்டரிலிருந்து 5 மீட்டரில் கேட் வைத்தால், கேட் முன் நிற்கும் வரிசை எஸ்கலேட்டர் வாயில் வந்து முட்டும். இருவர் கார்டைத் தேடி நின்றாலே போதும்.

வடிகால்
யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை. கூரை 140 × 20, அதாவது 2,800 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழை என்றால் மணிக்கு 280 கன மீட்டர், நொடிக்கு 78 லிட்டர். அத்தனையும் கூட்டம் நடக்கும் தெருவுக்கு மேலே.

வடிகுழாயைத் தூணுக்குள் புதைப்பது பார்க்க அழகு. அடைப்பு எப்போதும் ஒரே இடத்தில்தான் வரும்: தூணின் அடியில் குழாய் படுக்கைவாட்டில் திரும்பும் முழங்கை. புறா இறகு, பிளாஸ்டிக் பை, தூசி எல்லாம் அங்கே கெட்டியாகப் படியும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் திறப்புக் கதவு வைக்காவிட்டால் தூணை உடைக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. ஒரே கூர்முனை முழங்கைக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவு போடுங்கள். கூரை வாய்க்காலுக்கு வெளிப்பக்கம் வழிந்தோடும் துவாரம் வேண்டும். குழாய் அடைத்தால் தண்ணீர் வெளியே கொட்டட்டும், உள்ளே பிளாட்ஃபாரத்தில் கொட்டக் கூடாது.

அடுத்தது பாலத்துக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி. அதிர்வு கடத்தாமல் இருக்க இரண்டையும் பிரித்துக் கட்டினால் 50 முதல் 75 மி.மீ. சந்து வரும். அதை சீலன்ட் பசையால் மட்டும் மூடினால் சில கோடைகளிலேயே பிளந்துவிடும், பிறகு கான்கோர்ஸ் நடுவில் வாளி வைக்க வேண்டியதுதான். மேலே ரப்பர் பட்டை, அதற்குக் கீழே சாய்வோடு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாய்க்கால், இரண்டும் வேண்டும். மேல் பட்டை கிழியும் என்று வைத்துக்கொண்டே கீழ் வாய்க்காலை வடிவமைக்க வேண்டும். கையை விட்டுத் துடைக்கும் அளவுக்கு இடமும் விடுங்கள்.

தெரு மட்டத்து எஸ்கலேட்டருக்குக் கூரை கட்டாயம். கூரை இருந்தும் சாரல் வரும், நடைபாதையில் தேங்கும் நீரும் வரும். கீழ்க்குழியில் நீர் ஏறினால் பாதுகாப்பு சுவிட்சுகள் நனைந்து சுற்று அறுந்து இயந்திரம் நின்றுவிடும். ஆள் வந்து பார்த்துச் சாவி போட்டால்தான் மறுபடி ஓடும். கீழ் மேடையை நடைபாதையைவிட 150 முதல் 300 மி.மீ. உயர்த்தி, முன்னால் சாய்தளம் அமையுங்கள். குழியில் தானியங்கி பம்பும், அதற்கு முன் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் வேண்டும். எண்ணெய் கலந்த நீரை அப்படியே தெரு வடிகாலில் விடக் கூடாது.

சமதளம்
லிஃப்ட் பற்றி வரைபடத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பிறகு சேர்க்கலாம்" என்றால் சேராது. பாங்காக்கின் மேம்பால ரயில் 1999-ல் தொடங்கியபோது 23 நிலையங்களில் மிகச் சிலவற்றில்தான் லிஃப்ட் இருந்தது. 2015-ல் அந்த நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் எல்லாவற்றிலும் வைக்க உத்தரவிட்டது. இடையில் பதினைந்து ஆண்டுகள். கட்டி முடித்த தளத்தில் லிஃப்ட் துவாரம் போட முன்அழுத்தக் கம்பிகள் (கான்கிரீட்டுக்குள் இழுத்து இறுக்கியவை, அறுக்கக் கூடாதவை) குறுக்கே வரும், தெருவில் குழி தோண்ட மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் குறுக்கே வரும்.

பக்கவாட்டு பிளாட்ஃபாரம் என்று முடிவானால் தெருவின் இரு பக்கமும் ஒவ்வொன்று, கான்கோர்ஸிலிருந்து இரு பிளாட்ஃபாரத்துக்கும் ஒவ்வொன்று, ஆக நான்கு. எதிரெதிர்க் கதவுள்ள லிஃப்டாகப் போட்டால் சக்கர நாற்காலி உள்ளே திரும்ப வேண்டியதில்லை, நேராக வெளியேறலாம். லிஃப்ட் கதவு முன்னே 1.5 மீட்டர் சதுரம் தட்டையாக இருக்கட்டும்.

பிளாட்ஃபாரம் வளைவில் இருக்கிறதா? தெரு வளைந்தால் நிலையமும் வளையும், அப்போது பெட்டிக்கும் பிளாட்ஃபாரத்துக்கும் இடையே சந்து விழும். போகிகளின் (பெட்டிக்கு அடியிலுள்ள இரு சக்கரத் தொகுதிகள்) மைய இடைவெளி 15 மீட்டர் என்றால், அதன் வர்க்கத்தை வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். 300 மீட்டர் ஆரத்தில் 225 வகுத்தல் 2,400, அதாவது 94 மி.மீ. பெட்டியின் நடுப்பகுதி அவ்வளவு உள்வளைவுப் பக்கம் சாயும். பெட்டி 22 மீட்டர் நீளம் என்றால் முனைகள் 108 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளும். வெளிவளைவு பிளாட்ஃபாரத்தில் முனை இடிக்காமல் இருக்க விளிம்பை 108 பின்வாங்கினால், நடுக்கதவில் வழக்கமான சந்துக்கு மேல் 202 மி.மீ. கூடும். குழந்தையின் கால் முழுசாக உள்ளே போகும் அளவு. 1,000 மீட்டர் ஆரத்தில் நடுச்சாய்வு 28 மி.மீ.தான். புதிய நிலையத்தில் கிடைமட்டச் சந்து 76 மி.மீ., உயர வேறுபாடு 16 மி.மீ. தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. அதைப் பிடிக்க நேர்க்கோட்டில்தான் நிலையம் வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒலியளவு
சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரு பக்கமும் கட்டடம் இருந்தால் சத்தம் சுவருக்குச் சுவர் எதிரொலித்துத் தெருவிலேயே தங்கும். சிகாகோவின் லூப் தடம் 1897-லிருந்து இரும்புக் கால்களில் நிற்கிறது. திறந்த இரும்புத் தளம் ரயில் அதிர்வை வாங்கித் தானே ஒலிபரப்பும். கான்கிரீட் பெட்டி கர்டர் (உள்ளே கூடான பாலத் தூலம்), தண்டவாளத்துக்கு அடியில் மீள்தன்மையுள்ள மெத்தை, சக்கர மட்டத்தை மறைக்கும் ஓரச்சுவர், இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பகுதி அடங்கும். தடம் மாற்றும் குறுக்குப் புள்ளிகளை நிலையத்தை ஒட்டியோ குடியிருப்பு ஜன்னல் எதிரிலோ வைக்காதீர்கள், சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும் ஒவ்வொரு தட்டும் மாடி அறையில் கேட்கும்.

அறிவிப்பு ஒலிபெருக்கிக்கு நாலு பெரிய ஹார்ன் வைத்தால் எதிரொலியில் ஒரு சொல்லும் விளங்காது. 5, 6 மீட்டருக்கு ஒன்றாகச் சிறியவை, கீழ்நோக்கி, குறைந்த சத்தத்தில். பேச்சுத் தெளிவுக் குறியீடு (0 முதல் 1 வரை) 0.5-க்குக் குறையாமல் அளந்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். கூட்டம் நிற்கும்போது ரயில் உள்ளே வரும் சமயத்தில் அளக்க வேண்டும், காலி நிலையத்தில் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

வரைபலகை
எல்லோருக்கும் நன்றி. மாற்றியவை: பக்கவாட்டு பிளாட்ஃபாரம், நேர்க்கோட்டில். கடைசிகளில் 1.5 மீட்டர் அவசரப் படிக்கட்டு. தெருவின் இரு பக்கமும் மனைக்குள் நுழைவுக் கட்டடம், இணைப்புப் பாலத்துக்கு ஒரு முனை நழுவும் பேரிங். நான்கு லிஃப்ட். சந்திப்புப் பக்க முனையில் மட்டும் மூன்றாவது எஸ்கலேட்டரும் சேர்த்திருக்கிறேன். அதைக் காலையில் கீழ்நோக்கியும் மாலையில் மேல்நோக்கியும் ஓட்டலாம் அல்லவா?

ஏணிப்படி
ஓட்டலாம். ஆனால் திசையை மாற்றும்போது முதலில் இரு முனையும் மறித்து, படிகளில் ஒருவரும் இல்லை என்று பார்த்து, நிறுத்தி, பிறகே திருப்ப வேண்டும். மேலே ஒருவர் கீழே ஒருவர் என இரண்டு ஊழியர் தேவை. மறிக்கும் தடுப்பை வைக்க இரு முனையிலும் சுவரில் ஒரு மாடம் விடுங்கள். இல்லையென்றால் அந்தத் தடுப்பு, நாம் காலியாக விட்ட இடத்தில்தான் நாள் முழுக்க நிற்கும்.

கூட்டக்கணக்கு
அந்த முனையில் தெருவுக்கு இறங்கும் இடத்திலும் மூன்றாவது எஸ்கலேட்டர் இருக்கிறதா? பிளாட்ஃபாரத்திலிருந்து கான்கோர்ஸுக்கு மட்டும் கூட்டினால், கான்கோர்ஸ் தொட்டியாக நிரம்பும். மேலே 267 பேர் இறங்கினால் கீழேயும் 267 பேர் இறங்க வேண்டும்.

வரைபலகை
இல்லை. மேலே மட்டும்தான் போட்டிருந்தேன். அந்தப் பக்க மனையை இன்னும் 2 மீட்டர் கூடுதல் அகலத்தில் எடுத்துக் கீழேயும் சேர்க்கிறேன்.